கிணத்துத் தண்ணியும் ரெண்டு தெர்மாமீட்டரும்

மார்கழிக் குளிரில் கிணத்தடியில் குளித்தவர்களுக்குத் தெரியும், தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். அதே கிணறு சித்திரையில் ஜில்லுன்னு இருக்கும். உண்மையில் தண்ணி அவ்வளவாக மாறுவதில்லை, வெளிக்காற்றுதான் மாறுகிறது. பத்து பதினைந்து மீட்டருக்குக் கீழே மண்ணின் சூடு வருஷம் பூரா ஏறக்குறைய ஒன்றுதான். பகல், இரவு ஏற்ற இறக்கமோ ஒரு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதை வைத்துத்தான் நிலத்தடி நீர் எப்படி நகர்கிறது என்று பார்க்கிறார்கள். நான் பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவன். எனக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா என்ன!

ஓடை மணலில் மேலாக ஒரு தெர்மாமீட்டர், அரை மீட்டர் கீழே இன்னொன்று. தண்ணி கீழே இறங்கினால் பகல் சூட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கீழே இருக்கிற கருவியில் ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும், சீக்கிரமும் தெரியும். அடியிலிருந்து தண்ணி மேலே ஊறி வந்தால் கோடு தட்டையாகிவிடும். மண்ணின் தன்மையும் தெரிந்தால், ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று கணக்கே போடலாம். ஸ்டால்மேன் என்பவரும், பிரெடஹோஃப்ட் - பாப்படோபுலோஸ் இருவரும் இதற்கான கணக்கை 1965-லேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை 2003-ல் இதற்கென்றே ஒரு அறிக்கை போட்டது.

இப்போ விஷயத்துக்கு வருகிறேன். நான் பிழைக்க வந்திருக்கும் மகாராஷ்டிராவில் ஜல்யுக்த் ஷிவார் திட்டத்தில் ஊர் ஊராகத் தடுப்பணை கட்டினார்கள், ஓடைகளை ஆழப்படுத்தினார்கள். ஒன்பதாயிரம் கோடிக்கு மேல் செலவு. நிலத்தடி நீர் மட்டத்தை உயர்த்துவதில் பெரிய பலன் இல்லை என்று 2020-ல் சிஏஜி சொன்னது. அது சரியா, மழை பொய்த்ததா என்று சண்டை போடலாம். என் கேள்வி வேற. எத்தனை தடுப்பணை கட்டினோம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணி உள்ளே இறங்கியது என்பதற்கு இருக்கிறதா?

பேங்கில் லோன் கொடுத்தால், பணம் சொன்ன காரியத்துக்குப் போனதா என்று நேரில் போய்ப் பார்ப்போம். தடுப்பணைக்கு மட்டும் போட்டோ போதுமா? வண்டல் படிந்து அடைத்துக்கொண்டால், மேலே தண்ணி தளும்பி நிற்கும், போட்டோவும் அழகாக இருக்கும். கீழே ஒரு சொட்டு இறங்காது, வெயிலில் ஆவியாகத்தான் போகும். கீழே புதைத்த தெர்மாமீட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தூர் வாரவேண்டிய நேரம் எது என்றும் தெரிந்துவிடும். சென்சார் ஒன்றும் லட்ச ரூபாய் சமாச்சாரம் இல்லை, தடுப்பணைக்கு ஆகும் சிமெண்டு செலவில் தூசு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது மந்திரக்கோல் இல்லை. முன்னூறு அடியில் பாறை இடுக்கில் ஓடும் நீரோட்டத்தை மேலாகப் புதைத்த தெர்மாமீட்டர் காட்டாது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவருக்குப் போட்டியாக இதை யாரும் விற்க வந்தால் நம்பாதீர்கள். ஆனால் ஓடையிலும் குளத்திலும் தேங்கும் தண்ணி கீழே போகிறதா என்று கேட்டால், இது நேர்மையாகப் பதில் சொல்லும்.

போர் வற்றினாலும் விவசாயிக்குத் தவணை நிற்பதில்லை. தவணை கேட்டு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறவன் நான். தடுப்பணை கட்டியவர்களிடமும் யாராவது கணக்கு கேட்க வேண்டாமா?