பார்மட் செய்யும் முன் ஒரு கேள்வி: பைத்தான் எங்கே?

"பைத்தான் இன்ஸ்டால் செய்துவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டர் அப்படி ஒன்றே இல்லை என்கிறது!" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் வாசுதேவநல்லூர். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், பிளஸ் டூ மாணவர்கள் லேப்டாப்பும் கையுமாக வந்துவிடுவார்கள். 2019 முதல் தமிழக அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் இருக்கிறது அல்லவா?

வருபவர்களில் சிலர் மூன்று முறை இன்ஸ்டால் செய்திருப்பார்கள். சிலர் கடையில் பணம் கொடுத்து பார்மட்டே செய்திருப்பார்கள். டிரைவில் இருந்த குடும்ப போட்டோக்களும் அதோடு போயிருக்கும். என்னைக் கேட்டால், பெரும்பாலான நேரங்களில் இவை எதுவுமே தேவையில்லை. பைத்தான் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

நீங்கள் ஒரு கட்டளையை டைப் செய்து என்டர் தட்டினால், கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் தேடுவதில்லை. 'பாத்' என்ற பட்டியலில் உள்ள போல்டர்களை வரிசையாகப் பார்க்கும். அவற்றில் இல்லை என்றால் "தெரியாது" என்று சொல்லிவிடும். நான்கு தெருவில் மட்டும் விசாரித்துவிட்டு, அப்படி ஒரு ஆளே ஊரில் இல்லை என்று சொல்வது போலத்தான்!

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'எங்கே' என்று பொருள்படும் 'வேர்' என்ற ஆங்கிலச் சொல்லையும், இடைவெளி விட்டு 'பைத்தான்' என்பதையும் டைப் செய்திடவும். பாத்தில் இருந்தால் முழு முகவரி கிடைக்கும். கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். பி, ஒய் என்ற இரண்டு எழுத்துகள், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, பூஜ்யம், மீண்டும் பி எழுத்து என டைப் செய்திடவும். இன்ஸ்டால் ஆகியிருக்கும் பதிப்புகளும் அவற்றின் இடங்களும் வரிசையாக வரும். பைத்தான் தளத்தின் வழக்கமான இன்ஸ்டாலர், 'ஆப்டேட்டா' என்ற மறைந்திருக்கும் போல்டருக்குள் பைல்களை வைக்கிறது. சி டிரைவில் கண்ணால் தேடினால் அகப்படாததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-ல், பைத்தான் இல்லாத நிலையில் அதன் பெயரை டைப் செய்தால் மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறக்கும். 'வேர்' கட்டளை 'விண்டோஸ்ஆப்ஸ்' போல்டரைக் காட்டினால், அது ஸ்டோருக்கு வழிகாட்டும் வெறும் பலகையாகவும் இருக்கலாம்.

லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலைத் திறந்து, 'எது' என்று பொருள்படும் 'விச்' என்ற ஆங்கிலச் சொல்லையும், இடைவெளி விட்டு பைத்தான்3 என்பதையும் கொடுத்திடவும். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்களில் பாஸ் லினக்ஸ் இருந்தால், 3 என்ற எண்ணை மறக்க வேண்டாம். வெறும் பைத்தான் என்றால் 2-ஆம் பதிப்பு திறக்கலாம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் லினக்ஸோடு வந்த பைத்தானை அழித்துவிடாதீர்கள். சிஸ்டத்தின் பல புரோகிராம்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. மேக்கில், 2022-ல் வந்த 12.3 பதிப்பிலிருந்து பைத்தான் 2-ஐ ஆப்பிள் நிறுவனமே நீக்கிவிட்டது.

எந்த சிஸ்டமாக இருந்தாலும் பொருந்தும் வழி ஒன்று உண்டு. பைத்தானுடன் வரும் ஐடில் திறக்கிறதா? அதில் 'இம்போர்ட் சிஸ்' என்று கொடுத்திடவும். அடுத்த வரியில் 'பிரிண்ட்' என்று டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் 'சிஸ்', புள்ளி, 'எக்ஸிக்யூட்டபிள்' என்று கொடுத்திடவும். எல்லாம் சிறிய ஆங்கில எழுத்துகளில் இருக்க வேண்டும். தான் எந்த இடத்திலிருந்து ஓடுகிறோம் என்று பைத்தானே சொல்லிவிடும்.

இன்ஸ்டாலரின் முதல் திரையில், பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இல்லாமல்தான் வரும். இதற்கு ஒரு நியாயமும் உண்டு. பல பதிப்புகள் இருக்கும் கம்ப்யூட்டரில், எது முதலில் ஓட வேண்டும் என்பதை இன்ஸ்டாலர் தானாக மாற்றினால் மற்ற புரோகிராம்கள் குழம்பலாம். ஆனால் முதல் முறையாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் அந்த விளக்கத்தைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஆகவே பள்ளிகளுக்கு என் வேண்டுகோள்: முதல் செய்முறை வகுப்பில் 'வணக்கம்' என்று திரையில் அச்சிடச் சொல்லித் தரும் முன், பைத்தான் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித் தாருங்கள். பத்து நிமிடம் போதும். அது தெரியாத மாணவர், 'கம்ப்யூட்டர் நமக்கு வராது' என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுகிறார். தேடுதளத்தில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து மீண்டும் டவுன்லோட் செய்து, வேண்டாத சாப்ட்வேரையும் சேர்த்து இறக்கிவிடுகிறார்.

நீங்களும் இன்றே ஒரு முறை செய்து பாருங்கள். கிடைக்கும் முகவரியை நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் ஓடவில்லை, பார்மட் செய்தால்தான் சரியாகும் என்று யாராவது சொன்னால், அந்த முகவரியைக் காட்டி, "பாத் சரியாக இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.