போலி யார்?

கீழத் தஞ்சையில் நமது தோழர் ஒருவர், விவசாயக் கூலி. அவர் மகள்தான் அந்தத் தெருவிலிருந்து இன்ஜினீயரிங் காலேஜுக்குப் போன முதல் பெண். முதல் பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் தேறியிருக்கிறாள். ஆனால் லீவுக்கு வந்தவள் திரும்பிப் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

"தவறுதலா எனக்கு இடம் கொடுத்துட்டாங்கப்பா. என்னைக்காவது கண்டுபிடிச்சுடுவாங்க. அதுக்கு முன்னாடி நானே வந்துடுறேன்" என்றாளாம்.

காலேஜுக்கு வந்த 'மனப் பயிற்சி' நிபுணர் ஒருவர் இதற்கு வைத்தியமும் சொல்லியிருக்கிறார். இது ஒரு வியாதியாம். பெயர் 'இம்போஸ்டர் சிண்ட்ரோம்'. அதாவது, தன்னைத்தானே போலி என்று எண்ணி நடுங்குவது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் தகுதியுள்ளவள்" என்று பத்துத் தடவை சொன்னால் தீர்ந்துவிடுமாம்!

பலே, கண்ணாடி வைத்தியம்!

அந்த நடுக்கம் பொய்யல்ல. நாமும் அனுபவித்ததுதான், அதைப் பின்னால் சொல்கிறோம். ஆனால் அது வியாதி என்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். 1978-ல் அமெரிக்காவில் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு மனோதத்துவப் பெண்மணிகள் இதைப் பற்றி முதலில் எழுதினார்கள். படிப்பிலும் உத்தியோகத்திலும் உயர்ந்த 150-க்கு மேற்பட்ட பெண்களைக் கண்டு பேசி எழுதியது அது. அவர்கள் இதை வியாதி என்று சொல்லவில்லை. ஒரு 'நிகழ்வு' என்றே சொன்னார்கள். குடும்பமும் சமூகமும் பெண்ணைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்தையும் காரணமாகக் காட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் சமூகத்தை வெட்டி எறிந்துவிட்டு, வியாதியை மட்டும் கூலிக்காரன் மகள் தலையில் கட்டிவிட்டார்கள்.

வியாதி என்றால் எல்லோருக்கும் வர வேண்டாமா? லட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டி அதே காலேஜில் இடம் வாங்கிய பையனுக்கு இது ஏன் வருவதில்லை? தகப்பனார் கண்ணை மூடியதும், ஒரு நாள்கூட மெஷின் ஓட்டாமல் ஆலையின் டைரக்டர் நாற்காலியில் ஏறி உட்காரும் மகன், 'ஐயோ, என்னைக் கண்டுபிடித்துவிடுவார்களே' என்று ராத்திரி தூங்காமல் கிடக்கிறானா? குறட்டை விட்டுத் தூங்குகிறான்! சத்தத்தைக் கேட்டே எந்த பிரேமில் கோளாறு என்று சொல்லும் ஸ்பின்னிங் தொழிலாளி மட்டும், மானேஜர் அறைக்குள் கால் வைத்ததும் நாக்கு உலர்ந்து நிற்கிறான்.

இந்தப் பயம் நம் மூளையில் தானாக முளைத்ததல்ல. நாற்று விட்டு, நீர் பாய்ச்சி வளர்த்த பயிர் இது. தஞ்சைப் பண்ணையாள் நிமிர்ந்து பேசினால் சவுக்கடி; எதிர்த்தால் சாணிப்பால். தாய்மொழி கன்னடமான தோழர் பி. சீனிவாசராவ் 1943-ல் அங்கே வந்து சங்கம் கட்டினார்; 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தத்தில் மிராசுதார்கள் அந்தத் தண்டனைகளைக் கைவிட ஒப்பினார்கள். சவுக்கு போனது, சவுக்கு சொல்லிக் கொடுத்த பாடம் போயிற்றா? 1953-ல் ராஜாஜி மந்திரிசபை, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நாள்தான் பள்ளிக்கூடம், மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றது. கொந்தளிப்புக்குப் பின் 1954-ல், காமராஜ் முதலமைச்சரான பிறகு அது கைவிடப்பட்டது. வெகு தூரம் போவானேன்? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். 2020-ல் அந்தப் படத்தை நாடே பார்த்தது. அந்த அம்மாளுக்கும் கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கட்டுமே, அந்த நிபுணர்!

இனி நம் கதை. நாம் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர்கள். யூனியன் சார்பில் ஒரு பஞ்சாலைச் சம்பளத் தகராறில் சமரசப் பேச்சுக்குப் போனோம். நிர்வாகத்தின் வக்கீல் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். நடுவே "18(1) போதுமே" என்றார். நமக்கு அது விளங்கவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதவனா யூனியன் நடத்துகிறான்' என்று நினைப்பார்களே என்று விளங்கியது போலத் தலையாட்டினோம். அன்றிருந்த 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டப்படி, சமரச அதிகாரி முன்னிலையில் 12(3)-ன் கீழ் கையெழுத்தானால் அது ஆலையிலுள்ள அத்தனை பேருக்கும் செல்லும். தனியே 18(1)-ன் கீழ் போட்டாலோ கையெழுத்திட்ட தரப்புகளோடு சரி. யூனியனில் சேராத பதிலித் தொழிலாளர்களுக்கு அந்த உயர்வில் ஒரு காசும் கிடைக்கவில்லை. ஒரு தலையாட்டலுக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஆகவேதான் சொல்கிறோம்: தெரியாமை வேறு, தகுதியின்மை வேறு. தெரியாது என்பது உண்மை. கேட்டுத் தீர்த்துக் கொள்ளலாம். தகுதி இல்லை என்பது எஜமானர்கள் கட்டிய பொய். இரண்டையும் குழப்பியதால்தான் நாம் வாய் திறக்கவில்லை. 1917 அக்டோபர் புரட்சிக்குச் சற்று முன்னால் லெனின் எழுதியதை நம்மில் பலர் தப்பாகவே சொல்லி வருகிறோம். சமையற்காரியோ கூலியாளோ உடனே எழுந்து அரசாங்க நிர்வாகத்தை நடத்திவிட முடியாது என்பதை அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். பணக்காரர்களும் பணக்காரக் குடும்பத்து அதிகாரிகளும்தான் ஆள முடியும் என்ற எண்ணத்தை உடைக்க வேண்டும், உழைப்பாளிகளுக்கு நிர்வாகப் பயிற்சியைத் தாமதமின்றித் துவக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது.

நம் ஸ்தாபனத்திலும் குற்றம் உண்டு. "உங்களுக்குப் புரியாது தோழர், இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று தொழிலாளியிடம் காகிதத்தை நீட்டும் படித்த தோழர்கள் இருக்கிறார்கள். மிராசுதார் செய்த வேலையைத்தான் அவர்கள் மெதுவான குரலில் செய்கிறார்கள்.

அந்தப் பெண்ணோடு மாதர் சங்கத் தோழர் ஒருவர் இரண்டு நாள் இருந்து பேசினார். காலேஜில் அவளைப் போல் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. போய் விசாரித்தாள். அவள் ஹாஸ்டலிலேயே ஐந்து பேர்! ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் போலி என்று போர்வைக்குள் அழுது கொண்டிருந்தவள். இப்போது ராத்திரியில் சேர்ந்து படிக்கிறார்கள். இங்கிலீஷ் புரியாத இடத்தில் வாத்தியாரை நிறுத்திக் கேட்கிறார்கள். கணக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறதாம்.

பஞ்சாலையில் அடுத்த சம்பளப் பேச்சுக்கு நாம் தனியாகப் போகவில்லை. ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கும் தோழரையும், ஒரு பதிலித் தொழிலாளியையும் அழைத்துப் போனோம். வக்கீல் வழக்கம்போல் துவக்கினார். ஸ்பின்னிங் தோழர் கையைத் தூக்கினார்: "சார், எனக்குப் புரியலீங்க. ரெண்டு பிரிவுக்கும் என்ன வித்தியாசம்னு தமிழ்ல சொல்லுங்க."

வக்கீல் பைலைப் புரட்டினார். அதிகாரி முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த தேதி கேட்டார்.

அந்தத் தடவை ஒப்பந்தம் 12(3)-ன் கீழ் ஆனது. பதிலிகளுக்கும் உயர்வு கிடைத்தது. ஆனால் நம் பழைய தலையாட்டலால் அவர்கள் இழந்த மூன்று வருஷப் பாக்கி இன்னும் வரவில்லை. அதற்கான மனுவை இந்தத் தடவை அவர்களே உட்கார்ந்து எழுதிக் கொண்டிருக்கிறார்கள்.