சைக்கிள் பிரேமின் ஆயுள் எத்தனை ஆண்டு?

தந்தை ஓட்டிய சைக்கிளை மகன் ஓட்டுவது மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் புதுமையன்று. டயர் மாறியிருக்கும், செயின் மாறியிருக்கும், சீட்டும் பெடலும் எத்தனையோ முறை மாறியிருக்கும். மாறாமல் நிற்பது பிரேம் ஒன்றுதான். அது போயிற்றென்றால் சைக்கிளே போயிற்று. ஆகவே, "இந்தப் பிரேம் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும்?" என்பது வீட்டு வரவு செலவைச் சேர்ந்த கேள்வி. தாராவியிலிருந்து விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தையும் சாம்பாரையும் கேரியரில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹார்னை அழுத்தியபடி புறப்படும் நம்மவருக்கோ அது வயிற்றுப்பாட்டைச் சேர்ந்த கேள்வி. உயிரைச் சேர்ந்த கேள்வியும் ஆகும்.

இதற்கு 'இத்தனை ஆண்டு' என்று ஒரே விடை கூறுவதற்கில்லை. ஆயினும் எஃகின் இயல்பை அறிந்தோமானால், அவரவர் சைக்கிளுக்கு உரிய விடையை அவரவரே கண்டுகொள்ளலாம்.

1842-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு அருகே ஒரு ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாள்தோறும் நன்றாக உழைத்த அச்சு திடீரென்று ஏன் முறிய வேண்டும் என்னும் வினா அறிஞர்களை வாட்டியது. பின்னர் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் வோலர் என்பவர், அச்சுகளை லட்சக்கணக்கான முறை வளைத்து வளைத்துச் சோதித்து, 1870 வரை தம் முடிவுகளை வெளியிட்டு வந்தார். ஒரே முறையில் முறிக்கப் போதாத சுமையும், பலமுறை ஏறி இறங்கினால் உலோகத்தைக் களைப்புறச் செய்து முறித்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. அதனுடன் இன்னொன்றும் புலனாயிற்று. சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருக்குமாயின், எத்தனை முறை வளைந்தாலும் எஃகு களைப்பதில்லை. இந்த எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. எஃகு பெற்ற தனி வரம் இது என்றே சொல்லலாம்.

அந்த வரத்தின் மதிப்பை ஒரு சிறு கணக்கால் உணரலாம். 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும். பெடல் பக்கம் 44 பல்லும் பின்சக்கரத்தில் 18 பல்லும் உள்ள சைக்கிள், பெடலை ஒரு முறை சுற்றினால் சுமார் 5.4 மீட்டர் செல்லும். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 186 சுற்று. நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஐந்தரை லட்சம் சுற்றுக்கு மேலாகிறது. இருபது ஆண்டில் ஒரு கோடியைத் தாண்டும். சுற்று ஒன்றுக்கு வலக்கால் ஒரு முறையும் இடக்கால் ஒரு முறையும் பிரேமை அழுத்துகின்றன. இவ்வளவையும் தாங்கிப் பழைய கருப்புச் சைக்கிள்கள் ஓடுகின்றன என்றால், மிதிக்கும் விசை அந்த எல்லைக்குள் அடங்கியிருப்பதே காரணம்.

அப்படியானால் பிரேம் ஏன் முறிகிறது? அந்த வரத்தைப் பறிக்கும் பகைவர் இருவர் உளர்.

முதற் பகைவன் துரு. துருப்பிடித்துக்கொண்டே வளைந்து நிமிரும் எஃகுக்கு, மேலே கூறிய எல்லை இல்லாமற் போகிறது. துரு அரித்த சிறு குழியே விரிசலுக்கு வித்தாகிறது. மும்பையோ கடல் சூழ்ந்த ஊர். மேற்கே அரபிக் கடல். தாராவிக்கு அருகே மாஹிம் கழி. செம்பூருக்கு அருகே தாணே கழி. காற்றில் வரும் உப்பு குழலின் மேல் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் சேர்கிறது. வெளித்துரு கண்ணுக்குத் தெரியும். எண்ணெய்த் துணியால் துடைத்துவிடலாம். ஆபத்தானது உள்துரு. சீட்டுத்தண்டு செருகியுள்ள இடத்தின் வழியே மழைநீர் உட்புகுந்து, குழலோடு இறங்கி, பெடல் அச்சு ஓடும் அடிக்கூட்டில் தேங்குகிறது. பிரேமில் மிகுதியாக உழைக்கும் இடமும் அதுவே. வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே குழல் காகிதம்போல் மெலிந்திருப்பது உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நாம் மறக்க முடியாது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிளை வெளியே துடைத்தால் மட்டும் போதாது. சீட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நீரை வடிக்க வேண்டும். நன்கு உலர்ந்தபின் குழலுக்குள் சிறிது மெஷின் எண்ணெய் விட்டு, எல்லாப் பக்கமும் பரவும்படி சாய்த்து உருட்ட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும், பின் ஒரு முறையும் இவ்வாறு செய்வது நலம். மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் மாடிப்படியின் கீழ் ஓட்டுவாரின்றிக் கிடக்கும் சைக்கிளுக்கும் இது தேவையே. அதை உழைப்பு கெடுப்பதில்லை, ஈரம் கெடுக்கிறது.

இரண்டாம் பகைவன் மிகுசுமை. மனிதன் ஒருவன் ஏறி ஓட்டச் செய்த பிரேமில் மூட்டை மூட்டையாக ஏற்றி, குழியில் இறக்கி ஏற்றினால், விசை எல்லையைக் கடந்துவிடும். பாரம் ஏற்றுவோருக்கென்றே மேலே இரட்டைக் குழலும், முன் போர்க்குக்குத் துணைக்கம்பியும் வைத்த சைக்கிள்கள் உள்ளன. இட்லி, பால் முதலிய வியாபாரத்துக்கு அத்தகையதே தக்கது. விலை சற்று ஏறினாலும் அது வீண்செலவாகாது.

எஃகினிடம் இன்னொரு நற்குணமும் உண்டு. பெரும்பாலும் அது சொல்லாமல் முறிவதில்லை. ஆனால் அது சொல்வதைக் கேட்க நாம் குனிந்து பார்க்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே முன்குழலில் சாய்குழல் சேரும் இடம், பெடல் அடிக்கூட்டைச் சுற்றிய இணைப்புகள், பின்சக்கர அச்சு உட்காரும் இடம், முன் போர்க்கின் தோள் ஆகிய நான்கையும் மாதம் ஒரு முறை துடைத்துப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழைபோல் கோடு ஓடி, அதிலிருந்து செந்நிறத் துரு கசிந்தால் விரிசல் என்று ஐயுறுக. பெயின்ட் சுருங்கிக் குழல் புடைத்திருந்தால், எப்போதோ முட்டிய அடியில் பிரேம் மடங்கியிருக்கிறது. முன் போர்க்கில் விரிசல் கண்டால் அன்றே ஓட்டத்தை நிறுத்துக. ஏனைய இடம் முறிந்தால் சைக்கிள் தள்ளாடும். போர்க்கு முறிந்தால் ஓட்டுபவன் தலைகுப்புற விழுவான்.

பழைய சைக்கிள் வாங்குவோர் ஒரு நூலும் அளவுகோலும் எடுத்துச் செல்லலாம். பின்சக்கர அச்சின் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்குழலைச் சுற்றி, மறுமுனைக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுக. சீட்டுக்குழலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபுறமும் சமமாக இருந்தால் பிரேம் நேரானது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுக.

விரிசல் கண்ட பிரேமைப் பழுது பார்க்கலாமா? பார்க்கலாம், முறை தெரிந்தவரிடம். பழைய வகைப் பிரேமில் எஃகுக் குழல்களை உறைபோன்ற இணைப்புகளில் செருகி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்திருப்பார்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும்; எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி வேண்டும். ஆகவே, குழல் உருகாமல் இணைப்பு பிடித்துக்கொள்கிறது. இணைப்பு விட்டுப்போனால் கேஸ் வைத்து மறுபடியும் பித்தளைப் பற்று வைக்கலாம். கேட் செய்யும் பட்டறையில் கொடுத்து மின்சார வெல்டிங் செய்வது தகாது. மெல்லிய குழல் கருகித் துளைபடும். அல்லது வெல்டிங்கின் ஓரம் கடினமாகி, பிறகு அவ்விடத்திலேயே வெடிக்கும். குழல் துருவினால் மெலிந்துவிட்டதெனில் எந்தப் பற்றும் நில்லாது.

நல்ல பிரேம், செய்த ஆலையையும் கடந்து வாழ்வதுண்டு. நம் வொர்லியில் இயங்கிய ஹிந்த் சைக்கிள்ஸ் கம்பெனி 1980-இல் அரசுடைமையாயிற்று; இன்று அங்கே சைக்கிள் செய்யப்படுவதில்லை. 1951-இல் சோனிபட்டில் தொடங்கிய அட்லஸ் நிறுவனத்தின் சாகிபாபாத் ஆலையும் 2020 ஜூனில் நின்றது. எனினும் அவற்றின் பெயர் தாங்கிய பிரேமுக்குப் பொருந்தும் டயரும் செயினும் பெடலும் பிற ஆலைகளிலிருந்து கிடைக்கின்றன. பொது அளவுகளில் செய்யப்பட்டதே இதற்குக் காரணம்.

ஆகவே ஆண்டுக் கணக்கைப் பார்த்துப் பிரேமைக் கழிக்க வேண்டாம். உலர்ந்த எலும்பும், அளவான சுமையும், நேரான வடிவமும் உள்ள ஐம்பதாண்டுப் பிரேம், ஈரத்தில் நின்ற ஐந்தாண்டுப் பிரேமைவிட நம்பத்தக்கது. அதே சமயம், தந்தையின் சைக்கிள் என்னும் பாசத்தால் விரிசல் கண்டதை ஓட்டவும் வேண்டாம். தாராவி 13-ஆம் காம்பவுண்டின் பழைய இரும்புக் கடைகள் அருகிலேயே இருக்கின்றன. அங்கே போகும் எஃகு உருகி மீண்டும் எஃகாகும். கொதிக்கும் சாம்பாரோடு பாலத்தின் இறக்கத்தில் விழுந்தவரை மீட்பது அவ்வளவு எளிதன்று. ஒரு நாள் வியாபாரம் நின்றாலும் குற்றமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள்.