ரவுண்டானாவா, சிக்னல் விளக்கா?

நாற்சந்திக்கு உகந்தது ரவுண்டானாவா, சிக்னல் விளக்கா என்று வாதிக்கும் நகரசபையார், அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்துக் கார்மெல் நகரைக் கவனிப்பாராக. 1996 முதல் 2023 வரை அங்கே மேயராயிருந்த ஜேம்ஸ் பிரெய்னார்டு எம்மைப் போல் ஒரு வக்கீல். அவர் காலத்தில் விளக்குகளிற் பெரும்பாலானவை அகற்றப்பட்டு, 150-க்கு மேற்பட்ட ரவுண்டானாக்கள் எழுந்தன.

காரணம் எளிது. பச்சை விளக்கைக் கண்டவன் வேகத்தைக் குறையான். அச்சமயம் சிவப்பை மதியாத ஒருவன் குறுக்கிட்டால் பக்கவாட்டில் மோதிப் பிராணன் போகிறது. வட்டத்திலோ எவனும் வளைந்தே செல்லவேண்டும். வேகம் தானே தணிகிறது. மோதினாலும் பெரும்பாலும் வண்டிக்குத்தான் சேதம். மின்சாரம் நின்றாலும் வட்டத்தின் வேலை நிற்பதில்லை.

ஆனால் மண்ணைக் குவித்துப் பூச்செடி நட்டால் போதுமென்று எண்ணலாகாது. உள்ளே சுற்றும் வண்டிக்கு நுழைபவன் வழிவிடவேண்டும் என்ற விதி 1966-ல் ஏற்பட்ட பின்னரே பிரிட்டனில் வட்டங்கள் திணறாமல் இயங்கலாயின. அவ்விதியை அமல் நடத்தத் துணிவில்லாத சபை இவ்வேலையில் இறங்காதிருப்பதே நலம்.

பார்வையற்ற பாதசாரிக்கு, வண்டி நின்றதா என்று ஓசையால் அறிவது வட்டத்தருகே மிகக் கடினம். அவர் கடக்குமிடத்தில் மட்டும் ஒரு விளக்கு வைப்பதில் எமக்கு யாதோர் ஆக்ஷேபமுமில்லை.