எரர் ஜீரோ என்றால் குடும்பம் டேலி ஆகிவிட்டதா?

வெளியூர், வெளிநாடு வந்து சேர்ந்த நம்மாட்கள் பலருக்கும் ஒரு வயதுக்கு மேல் குடும்ப மரம் போடும் ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான், அதோடு எனக்குச் சண்டையில்லை. மரத்தைப் போட்டு முடித்ததும் சாஃப்ட்வேரில் பிழை சோதிக்கும் பட்டனைத் தட்டி, வந்து விழும் எச்சரிக்கைகளை ஒரே ராத்திரியில் 'சரி பண்ணி', மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எரர் ஜீரோ!" என்று மார்தட்டுகிறார்களே... அதோடுதான் என் சண்டை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷமே சொல்லித் தரும் பாடம் இது: ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. விட்டுப்போன பதிவு, ஒருத்தர் கணக்கில் போடவேண்டியதை இன்னொருத்தர் கணக்கில் போட்டது, ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியது எல்லாம் டேலி ஆன கணக்குக்குள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். டேலி ஆகவில்லையா? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் வைத்துவிட்டுத் தேட வேண்டும். டேலி ஆவதற்காக வவுச்சரைத் திருத்தினால் அதற்குப் பேர் வேறு!

சரி, இந்த சாஃப்ட்வேருக்கு நம்மைப் பற்றி என்ன தெரியும்? பெரும்பாலான குடும்ப மர சாஃப்ட்வேர்கள் தகவலைப் பரிமாறிக்கொள்வது கெட்காம் என்ற வடிவத்தில். அமெரிக்காவின் மார்மன் சபை 1984-ல் கொண்டுவந்தது. அதில் பெயருக்குள் குடும்பப் பெயரைத் தனியாக இரண்டு சாய்கோட்டுக்குள் அடைக்க வேண்டும். 2021-ல் வந்த 7.0 பதிப்பின் காலண்டர் பட்டியலில் இருப்பவை நான்கு: கிரிகோரியன், ஜூலியன், யூதர் காலண்டர், பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டர். சுமார் பன்னிரண்டு வருஷம் மட்டும் புழங்கிய பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டருக்கு இடமுண்டு. ஆயிரத்து இருநூறு வருஷமாக ஓடும் நம் கொல்லம் ஆண்டுக்கு இல்லை.

இனி பாறசாலைக்குப் பக்கத்துக் குளத்தூருக்கு வாருங்கள். நெய்யாற்றின்கரை தாலுகாவிலும் எல்லைக்கு இந்தப்பக்கம் விளவங்கோட்டிலும் நமக்கு இருப்பது வீட்டுப்பேர். விளை என்றோ, வீடு என்றோ, விளாகம் என்றோ முடியும். தம்பி தனியாகக் குடிபோய்ப் புதுவீடு வைத்தால் அவன் புத்தன்வீடு. அக்கா கட்டிக்கொடுத்த இடத்து வீட்டுப்பேருக்குப் போய்விடுவாள். வளைகுடா போன அண்ணனுக்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயர். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மூன்று பேருக்கு மூன்று 'சர்நேம்'. கிராம்ப்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேரோ கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருந்தால் எச்சரிக்கை தருகிறது. சொந்தத்துக்குள் கட்டும் வீடுகளில் இது எச்சரிக்கையா, கல்யாணப் பத்திரிகையா? :-)

அத்தை மகளைக் கட்டினவரின் பிள்ளைகளுக்கு ஒரே கொள்ளுப்பாட்டா மரத்தில் இரண்டு இடத்தில் வருவார். 'டூப்ளிகேட்' என்று ஒருவரைத் தூக்கிவிடுகிறார்கள். பேரனுக்குப் பாட்டா பெயரை வைத்திருப்போம். இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறார்கள். மரம் சுத்தமாகிவிட்டது, குடும்பம்தான் காணாமல் போனது.

இன்னொரு பக்கம், உண்மையான தப்பு சத்தமில்லாமல் நுழைந்துவிடும். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் ஆங்கில வருஷம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. சிங்கம் முதல் டிசம்பர் முடியும் வரை 824, ஜனவரி முதல் கர்க்கடகம் முடியும் வரை 825. சோதித்துப் பாருங்கள்: திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் 27-ல் வந்தது. அது 1936 நவம்பர் 12. கண்ணை மூடிக்கொண்டு 825 கூட்டினால் 1937 வரும். சாஃப்ட்வேர் மூச்சு விடாது.

"தொண்ணூற்றொன்பது வெள்ளத்தில் பிறந்தவள்" என்று ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னால் அது கொல்லம் 1099, அதாவது 1924. அமெரிக்கப் பேரன் அதை 1899 என்று போடுகிறான். 1951-ல் பெற்ற பிள்ளையைப் பாட்டி 52 வயதில் பெற்றதாக எச்சரிக்கை வருகிறது. பேரன் பாட்டியின் வருஷத்தைத் தொடுவதில்லை, பிள்ளையின் வருஷத்தை மாற்றுகிறான். எரர் போச்சு, இரண்டு பேருடைய தேதியும் போச்சு.

ஊர் விஷயம் அதைவிட மோசம். குளத்தூர் என்று தட்டினால் திருவனந்தபுரம் நகரத்தில் கழக்கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று. முதலில் வருவதை அமுக்கினால் முடிந்தது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1940-ல் அங்கே பிறந்தவருக்குக் கேரளமும் இல்லை, தமிழ்நாடும் இல்லை. அவர் திருவிதாங்கூர்க்காரர்.

இவ்வளவு சொன்னதால் பிழை சோதனையே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. சில எச்சரிக்கைகள் தங்கம். "தாய் இறந்து இரண்டு வருஷம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது" என்று வருகிறது என்று வையுங்கள். கை தானாகத் தாயின் இறப்பு வருஷத்தை நகர்த்தப் போகும். நிறுத்துங்கள். அங்கே இரண்டாவதாக ஒரு அம்மா இருந்திருக்கலாம். பிரசவத்தில் போனவளின் இடத்துக்கு வந்து, மூத்தவள் பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்து, குடும்பப் பேச்சிலிருந்து மெல்ல அழிந்துபோனவள். அவள் இருந்ததற்கு மிச்சமிருக்கும் ஒரே தடயம் அந்தப் பொருந்தாத தேதியாக இருக்கலாம். அதைத் திருத்துகிறவன் அவளை இரண்டாவது தடவை அழிக்கிறான். பேங்கில் இறந்தவர் கணக்கை செட்டில் பண்ணும் மேஜையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், விட்டுப்போன ஒரு பெயருக்கு என்ன விலை என்று.

ஆகவே மரத்துக்கும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு வையுங்கள். கேட்டதைக் கேட்டபடி, கொல்லம் ஆண்டென்றால் கொல்லம் ஆண்டாகவே குறிப்பில் எழுதுங்கள். யார் சொன்னார், எந்தப் பேப்பரில் இருந்தது என்பதையும் சேருங்கள். பள்ளிக்கூடத் தேதி ஒன்றும் ஞானஸ்நானப் பதிவு வேறொன்றும் சொன்னால் இரண்டும் இருக்கட்டும். பொருந்தாததைப் பொருந்தாததாகவே விட்டு, ஊருக்குப் போகும்போது ஆதாரம், ஜாதகக் குறிப்பு, கல்லறைக் கல் என்று தேடுங்கள். அதற்கும் முன்னால், பெரியம்மை உயிரோடு இருக்கும்போதே போன் போட்டுக் கேளுங்கள். பேப்பர் காத்திருக்கும், அவர் காத்திருக்க மாட்டார்.

எரர் எத்தனை என்று கேட்டால் "பதினேழு, எல்லாம் விசாரணையில்" என்று சொல்லும் மரத்தைத்தான் நான் நம்புவேன். ஜீரோ என்று சொன்னால், முதலில் வவுச்சரைக் காட்டுங்கள் என்பேன்.