சிகாகோவின் செய்திக்கு யார் காசு கொடுப்பது? ஹெட்ஜ் ஃபண்ட், நன்கொடை, சந்தா... ஒரு நகரம் நடத்தும் சோதனை

2004 ஜனவரியில் அமெரிக்காவின் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழ் ஒரு தொடர் வெளியிட்டது. விஷயம் ரொம்ப சிம்பிள். சிகாகோ மாநகராட்சி தனியார் லாரிகளை வாடகைக்கு எடுத்து, ஆண்டுக்கு சுமார் 4 கோடி டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த லாரிகளில் பல, நாள் முழுக்க சும்மா நின்றுகொண்டிருந்தன. செய்தியாளர்கள் மாதக்கணக்கில் லாரிகளின் பின்னாலேயே சுற்றி இதைப் பிடித்தார்கள். லாரி முதலாளிகளில் பலர் அரசியல்வாதிகளுக்கு வேண்டியவர்கள். வழக்கு நடந்தது, மாநகராட்சி அதிகாரிகள் உட்படப் பலர் தண்டிக்கப்பட்டார்கள்.

2012-ல் போட்டிப் பத்திரிகையான 'சிகாகோ டிரிப்யூன்' முறை. சிக்னலில் சிவப்பு விளக்கைத் தாண்டுபவர்களைப் படம்பிடித்து அபராதம் போடும் கேமரா திட்டத்தில் லஞ்சம் விளையாடியதை அது தோண்டி எடுத்தது. காண்ட்ராக்டைக் கவனித்துவந்த முன்னாள் அதிகாரிக்கு 2016-ல் 10 ஆண்டு சிறை. இத்தனைக்கும் டிரிப்யூன் அப்போது திவால் நடவடிக்கையில் சிக்கிக்கிடந்தது!

இப்படி ஒரு செய்தியாளரை மாதக்கணக்கில் ஒரே வேலையில் உட்கார வைக்க, கையில் காசு இருக்கணும். அதைவிட முக்கியம், அந்தக் காசை அதற்குச் செலவு செய்ய முதலாளிக்கு மனசு இருக்கணும். சிகாகோவில் இன்றைக்கு இழுபறியே இதில்தான்.

ஏன் சிகாகோ?

சுமார் 27 லட்சம் மக்கள், 50 வார்டுகள், 50 கவுன்சிலர்கள். 1970-களிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட கவுன்சிலர்கள் குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றிருக்கிறார்கள். 54 ஆண்டுகள் கவுன்சிலராக இருந்த எட்வர்ட் பர்க், 2023 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பானார். தன்னிடம் அனுமதிக்காக வந்தவர்களை, தன் சொந்த வக்கீல் அலுவலகத்துக்கு வழக்குகளைக் கொடுக்கச் சொல்லி நெருக்கினார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. இப்படிப்பட்ட ஊரில் கவுன்சில் கூட்டத்தில் நோட்டும் பேனாவுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பது ஆடம்பரச் செலவு இல்லை.

எங்கே சறுக்கியது?

ஒரு காலத்தில் இங்கே செய்தித் தொழில் பணம் காய்க்கும் மரம். டிரிப்யூன் தன்னை 'உலகின் தலைசிறந்த செய்தித்தாள்' என்று அழைத்துக்கொண்டது. அந்த ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துத்தான் தன் வானொலிக்கும் டிவிக்கும் 'டபிள்யூஜிஎன்' என்று பெயர் வைத்தது. (அடக்கத்துக்கும் சிகாகோவுக்கும் கொஞ்சம் தூரம்தான். சியர்ஸ் நிறுவனம் தொடங்கிய 'டபிள்யூஎல்எஸ்' வானொலியின் பெயருக்கு 'உலகின் மிகப்பெரிய கடை' என்று அர்த்தம்!)

பிறகு வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போயின. மீதி விளம்பரத்தை கூகுளும் ஃபேஸ்புக்கும் அள்ளிக்கொண்டன. இது எல்லா ஊரிலும் நடந்த கதைதான். சிகாகோவில் இதற்கு மேல் முதலாளிகளின் கைவரிசையும் சேர்ந்தது. ரியல் எஸ்டேட் கோடீஸ்வரர் சாம் ஸெல், 2007-ல் 820 கோடி டாலர் பேரத்தில் டிரிப்யூன் நிறுவனத்தை வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனும் நிறுவனத்தின் தலையில்தான். ஒரே வருடத்தில் திவால்.

2014-ல் டிவி ஒரு கம்பெனி, பத்திரிகை இன்னொரு கம்பெனி என்று பிரித்தார்கள். கையில் காசு பார்க்கும் டிவி ஒரு பக்கம் போனது. 2019-ல் நெக்ஸ்டார் அதை வாங்கியது. பத்திரிகைகள் தனியாக விடப்பட்டன. சொத்து பிரிக்கும்போது கடைசித் தம்பிக்குக் கிணறு இல்லாத நிலம் கிடைக்குமே, அந்த மாதிரி.

2021 மே மாதம் 'ஆல்டன் குளோபல் கேபிடல்' என்ற ஹெட்ஜ் ஃபண்ட் உள்ளே வந்தது. டிரிப்யூன் பத்திரிகைக் குழுமத்தை சுமார் 63 கோடி டாலர் மதிப்பில் கையகப்படுத்தியது. உடனே விருப்ப ஓய்வுத் திட்டம். சில வாரங்களுக்குள் டிரிப்யூன் செய்திப் பிரிவில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வெளியேறினார். சுருங்கியாவது நிலைத்து நிற்பது, மூடுவதைவிட மேல் என்பது ஆல்டன் தரப்பு வாதம். ஊழியர்கள் அதை ஏற்கவில்லை; 2024 பிப்ரவரி 1 அன்று 24 மணி நேர வேலைநிறுத்தம் செய்தார்கள். புகழ்பெற்ற டிரிப்யூன் டவரிலிருந்து பத்திரிகை 2018-லேயே வெளியேறிவிட்டது. அது இப்போது சொகுசு அடுக்குமாடிக் குடியிருப்பு. அச்சகம் இருந்த இடத்தில் கேசினோ வருகிறது.

நன்கொடை காப்பாற்றுமா?

சன்-டைம்ஸ் வேறு பாதையில் போனது. 2022 ஜனவரி கடைசியில் 'டபிள்யூபிஇஇஸட்' என்ற பொது வானொலியை நடத்தும் 'சிகாகோ பப்ளிக் மீடியா' அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அறக்கட்டளைகளும் கொடையாளர்களும் 5 ஆண்டுகளுக்கு 6.1 கோடி டாலர் தருவதாக உறுதியளித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இணையதளத்துக்குக் கட்டணம் வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். லாபநோக்கற்ற அமைப்பு என்பதால், தேர்தலில் இன்னாருக்கு ஓட்டுப் போடுங்கள் என்று தலையங்கம் எழுதும் உரிமையும் போனது. சட்டம் அப்படி.

நல்ல ஏற்பாடு மாதிரிதான் தெரிந்தது. ஆனால் 2025 மார்ச்சில் சன்-டைம்ஸ் ஊழியர்களில் சுமார் 20 சதவீதம் பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். இரண்டே மாதத்தில் உலகமே சிரித்த அந்தச் சம்பவம்: 'கோடையில் படிக்க வேண்டிய 15 புத்தகங்கள்' என்று ஒரு பட்டியல் அச்சானது. அதில் 5 மட்டுமே நிஜப் புத்தகங்கள். மற்ற 10-ம் ஏஐ இட்டுக்கட்டியவை. பிரபல எழுத்தாளர்கள் எழுதாத புத்தகங்கள் அவர்கள் பேரில். வெளி நிறுவனத்திடமிருந்து ரெடிமேடாக வாங்கிய இணைப்பு அது. பழியை ஏஐ மேல் போடுவது சுலபம். அச்சுக்கு முன் அந்தப் பக்கத்தை சன்-டைம்ஸில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

அதே ஆண்டு ஜூலையில், பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. டபிள்யூபிஇஇஸட் போன்ற நிலையங்களுக்கு இன்னொரு அடி.

சின்னப் பசங்க செய்த பெரிய வேலை

மூன்றாவது பாதை கொஞ்சம் உற்சாகம் தருவது. 'டிஎன்ஏஇன்ஃபோ' என்ற உள்ளூர் செய்தித் தளத்தை அதன் கோடீஸ்வர முதலாளி ஜோ ரிக்கெட்ஸ் 2017 நவம்பரில் ஒரே நாளில் இழுத்து மூடினார். நியூயார்க் அலுவலகத்தில் ஊழியர்கள் சங்கம் அமைக்க வாக்களித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நடுத்தெருவில் நின்ற சிகாகோ ஆட்கள் சிலர், வாசகர்களிடமே நிதி திரட்டி, 2018-ல் 'பிளாக் கிளப் சிகாகோ' தொடங்கினார்கள். பேட்டைக்கு ஒரு நிருபர். சந்தாதான் முக்கிய பலம்.

2021-ல் கொரோனா தடுப்பூசிக்கு ஜனம் அலைந்துகொண்டிருந்தபோது, ஏழை மக்களுக்காக லொரெட்டோ மருத்துவமனைக்குக் கொடுத்த ஊசிகள் நகர மையத்தில் இருக்கும் டிரம்ப் டவரில் போடப்பட்டதை இவர்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள். மருத்துவமனையின் உயர் அதிகாரி பதவி விலகினார்.

'சிட்டி பீரோ' என்ற அமைப்பு இன்னும் வித்தியாசமானது. சாதாரண மக்களுக்குப் பயிற்சியும் காசும் கொடுத்து, யாரும் எட்டிப்பார்க்காத அரசுக் கூட்டங்களுக்கு அனுப்பி குறிப்பெடுக்க வைக்கிறது. காணாமல்போன கறுப்பினப் பெண்களின் வழக்குகளை போலீஸ் எப்படிக் கையாண்டது என்று 'இன்விசிபிள் இன்ஸ்டிட்யூட்' அமைப்போடு சேர்ந்து இவர்கள் செய்த தொடருக்கு 2024-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஆனாலும் சந்தா கட்டுபவர் எந்தப் பேட்டையில் அதிகம் என்பதும் கணக்கில் வருமே! நகரின் தெற்கு, மேற்குப் பகுதிகளில் கறுப்பின மக்கள் அதிகம். அவர்களுக்காக 1905-ல் தொடங்கிய 'சிகாகோ டிஃபெண்டர்', ஒரு காலத்தில் ரயில் பணியாளர்கள் மூலம் ரகசியமாகத் தென்மாநிலங்கள் வரை போன பத்திரிகை. 2019 ஜூலையில் அச்சை நிறுத்திக்கொண்டு இணையத்துக்கு மட்டும் மாறியது.

டிவி இருக்கே, போதாதா?

டிவியில் செய்தி நேரம் நிறையவே இருக்கிறது. தீ விபத்து, துப்பாக்கிச்சூடு, பனிப்புயல் எல்லாம் நொடியில் வந்துவிடும். காண்ட்ராக்ட் ஃபைலைப் புரட்ட ஆள் வேணுமே, அங்கேதான் இடிக்கிறது.

அரசு என்ன செய்தது?

இல்லினாய் மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் போட்டது. உள்ளூர் செய்தி நிறுவனத்தை வெளிமாநில நிறுவனத்துக்கு விற்பதென்றால் 120 நாள் முன்னாடியே அறிவிக்கணும். கூடவே, செய்தியாளர்களை வேலைக்கு வைக்கும் நிறுவனங்களுக்கு 5 ஆண்டுகளில் 2.5 கோடி டாலர் வரைக்கும் வரிச்சலுகை. டிரிப்யூன் கைமாறி மூன்று ஆண்டு கழித்து வந்த சட்டம் இது.

சன்-டைம்ஸுக்கு வாக்களிக்கப்பட்ட 5 ஆண்டு நன்கொடை 2027 வாக்கில் முடிகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் சிகாகோ மேயர் தேர்தலும், 50 வார்டுகளின் கவுன்சிலர் தேர்தலும்.