படம் எடுத்தவர் பெயர்

இணையத்தில் ஏறிவிட்ட ஒளிப்படம் எல்லாருக்கும் சொந்தம், அதற்குப் பெயர் கேட்பது தனியுடைமைப் புத்தி என்று நாம் மதிக்கும் ஓர் இதழ் எழுதியிருக்கிறது. துணைக்கு, பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' என்ற கருத்தையும் அழைத்திருக்கிறது. அமைப்பியலில் தலைகிறங்கிய தலைமுறைதான் நாங்களும். பிரதியின் அர்த்தத்துக்கு ஆசிரியன் அதிகாரி இல்லை என்றார் பார்த். அவன் பெயரைச் சுரண்டி எறியச் சொல்லவில்லை. ஒளிப்படம் பற்றி 1980இல் வெளிவந்த அவர் நூலோ, எதிரே ஒன்று இருந்தது என்பதற்கான சாட்சியமாகவே படத்தைப் பார்க்கிறது. சாட்சியம் என்றால் சாட்சி யார்?

பாலக்காட்டுக்காரர்களுக்கு இது ஏட்டு விவாதம் இல்லை. 2020 மே 27 அன்று, வெடி வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானை வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. வாயும் தும்பிக்கையும் தண்ணீருக்குள், முதுகு மட்டும் வெளியே. வனத்துறை அலுவலர் ஒருவர் முகநூலில் இட்ட அந்தப் படம் உலகம் சுற்றியது. பாலக்காடு மாவட்டத்தில் நடந்தது மலப்புறத்தில் நடந்ததாயிற்று. ஒரு மதத்தார் மேல் வெறுப்பைக் கொட்ட அது போதுமாக இருந்தது. பகிர்ந்தவர்களில் எத்தனை பேர், எடுத்தவர் யார், எந்த ஆறு என்று தேடினார்கள்?

தனியுடைமைப் புத்தி என்கிறார்களே, பணம் வேறு, பெயர் வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே அப்படித்தான் பிரித்திருக்கிறது. ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமாக எடுத்தாள 52ஆம் பிரிவு வழிவிடுகிறது. உரிமையை விற்ற பிறகும் படைப்பாளி தன் பெயரைக் கோரலாம் என்கிறது 57ஆம் பிரிவு.

யானைப் படம் என்றதும் காட்டுயிர் ஒளிப்படக் கலைஞர் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வராமல் இருப்பாரா? பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்று கட்டி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பேரும் வைத்தவர். கருப்பு-வெள்ளையில் யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் காட்டியவர். 1996இல் மறைந்தார், அவர் படங்களுக்கு 2056 வரை உரிமை உண்டு. அவர் படத்தையும் பேரில்லாமல் போடுவீர்களா?

பெயர் பெருமைக்கு மட்டுமில்லை, பொறுப்புக்கும்தான். 2018 பிப்ரவரியில் அட்டப்பாடியில், கட்டிவைத்து அடிக்கப்பட்ட ஆதிவாசி இளைஞரோடு ஒருவன் செல்ஃபி எடுத்துப் பரப்பினான். அந்த இளைஞர் அன்றே இறந்தார். அந்தப் படம் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்த வழக்கில் 2023இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மூணாறிலிருந்தும் படம் அனுப்பும் நண்பர்கள், எடுத்தவர் பெயர், இடம், தேதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இவை இல்லாத படத்தை இந்த இதழ் இனி அச்சிடாது.